மலரின் பன்னிரண்டு வரிகள்

1

போன மாதம் என் மகள் நிவேதாவுக்குக் கணக்குப் பரீட்சையில் ஒரு கேள்விக்குப் புள்ளி கிடைக்கவில்லை. அவளுக்குப் பதினைந்து வயது. விடைத்தாளைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் போட்டுவிட்டு, தான் எழுதியது சரி, ஆசிரியர்தான் பிழையாகத் திருத்தியிருக்கிறார் என்றாள். தமிழில் தொடங்கி நோர்வேஜிய மொழியில் முடித்தாள். கோபம் வந்தால் அவளுடைய தமிழ் பாதிவழியில் இறங்கிவிடும். நான் தாளைப் பார்க்கவேயில்லை. சோற்றைப் பிசைந்தபடி, "பிழை உன்னிலதான் இருக்கும். திரும்பச் செய்து பார்" என்றேன்.

அவள் திரும்பச் செய்து பார்க்கவில்லை. ஆசிரியருக்கு நாலு வரியில் ஒரு மின்னஞ்சல் அனுப்பினாள். மறுநாள் பதில் வந்தது. நீ சொல்வது சரி, என் கவனக்குறைவு, மன்னித்துக்கொள், புள்ளியைக் கூட்டிவிட்டேன் என்று எழுதியிருந்தார். "அப்பாவுக்கு ஒரு புள்ளியைக் குறை பிள்ளை" என்று என் மனைவி சிரித்தாள். நானும் சிரித்தேன். பிறகு கை கழுவப் போன இடத்தில் குழாயைத் திறந்துவிட்டு வெகுநேரம் நின்றேன்.

அதே வசனத்தை மூன்று வருடங்களுக்கு முன் கிளிநொச்சியில் இருந்த ஒருத்திக்கும் சொல்லியிருந்தேன். அவளும் ஒரு கடிதம் எழுத நினைத்தாள். நான்தான் விடவில்லை. வெளிநாட்டில் இருக்கிறவனுக்கு எல்லாம் தெரியும் என்று ஊரில் இன்னும் யாராவது நம்பிக்கொண்டிருந்தால், அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

2

முதலில் என் குணத்தைச் சொல்லவேண்டும்.

என் தகப்பனார் யாழ்ப்பாணத்திலிருந்து கிளிநொச்சிப் பக்கம் இரணைமடுக் குளத்துக் குடியேற்றத் திட்டத்துக்கு வந்து நெல் விதைத்தவர். நானும் வாய்க்கால் வரம்பில் வளர்ந்தவன். ஆனால் பிறந்தது முல்லைத்தீவு ஆஸ்பத்திரியில். நான் நோர்வேக்கு வந்து அகதி விண்ணப்பம் கொடுத்தபோது, விசாரித்த அதிகாரி பிறந்த இடத்தை வரைபடத்தில் தேடிப் பிடித்தார். பக்கத்தில் முழுக்க நீலநிறம். தொழில் என்ற இடத்தில் 'மீனவர்' என்று எழுதிக்கொண்டார். எழுதியதை எனக்கு வாசித்தும் காட்டினார்கள். நான் தலையாட்டினேன். அதிகாரி சொன்னதை மறுத்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று கூட வந்தவர்கள் சொல்லித் தந்திருந்தார்கள்.

அந்த ஒரு சொல்லால் நாலு வருடம் வட நோர்வேயில் ஒரு மீன் தொழிற்சாலையில் மீனுக்குத் தலை வெட்டினேன். அதற்கு முன் நான் கடலைக் கிட்டப் பார்த்தது, நாயாற்றுக் கடற்கரைக்கு இரண்டு தடவை போனபோதுதான். அதிலும் ஒரு தடவை மழை பெய்ததால் வான் வண்டியிலிருந்து இறங்கவில்லை. அனுபவமுள்ள மீனவன் ஏன் கத்தியை மண்வெட்டி மாதிரிப் பிடிக்கிறான் என்று மேற்பார்வையாளருக்குக் கடைசிவரை விளங்கவில்லை. ஒரு நாள்கூட நான் வாய் திறக்கவில்லை.

இந்த நாட்டு மொழியில் நான் முதலில் படித்த சொல் 'உன்ஷில்'. மன்னிக்கவும் என்று அர்த்தம். காலையில் வேலைக்குப் போனதும் மற்றவர்கள் வணக்கம் சொல்லும் இடத்தில் நான் அதைச் சொல்வேன். மாலை வகுப்பில் கணினி படித்து, தெற்கே வந்து, ஒரு படகுச் சேவையின் கால அட்டவணைக்கு நிரல் எழுதுகிறவனாக ஆன பிறகும் அது போகவில்லை. கதவு என்மேல் மோதினாலும் கதவிடம் மன்னிப்புக் கேட்கிற ஆள் என்று வேலைத்தலத்தில் பகிடி பண்ணுவார்கள். கணினி எதையாவது ஏற்க மறுத்தால் நான் உடனே என்னில்தான் பிழை தேடுவேன். இது நல்ல பழக்கம் என்றே நினைத்திருந்தேன்.

3

மலர் என் மாமாவின் மகள். கிளிநொச்சியில் கணித ஆசிரியை. கலியாணம் பேசி வந்த இரண்டு மாப்பிள்ளைகளையும் கேள்வி கேட்டே துரத்தியவள் என்று குடும்பத்தில் பேச்சு. சமாதான காலத்தில், 2003இல், நான் பதினைந்து வருடம் கழித்து ஊருக்குப் போனபோது, பள்ளிக்கூடம் விட்ட பிறகு அவள் ஒரு கணினி நிலையத்தில் படிப்பித்துக்கொண்டிருந்தாள். ஆறு கணினிகளும் ஒரு ஜெனரேற்றரும் இருந்தன. மண்ணெண்ணெய் தீர்ந்தால் வகுப்பும் தீர்ந்தது. நிரல் எழுதுவதைப் புத்தகத்தைப் பார்த்துத் தானே படித்திருந்தாள். நான் கொண்டுபோன சொக்லேட்டைப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டு, "அடுத்தமுறை வரேக்க புத்தகம் கொண்டு வாங்கோ அத்தான். உதுகள் பல்லுக்குக் கூடாது" என்றாள்.

நான் திரும்பி வந்து புத்தகங்கள் அனுப்பினேன். அவள் கேள்விகள் அனுப்பினாள். எனக்குப் பதில் தெரியாத கேள்விகளும் அதில் இருந்தன. அவற்றுக்கு நான் வேலை அதிகம் என்று எழுதினேன்.

2006 தொடக்கத்தில், நான் இருக்கும் ஊரில் உள்ள ஒரு கல்லூரி வெளிநாட்டு ஆசிரியர்களுக்கு ஒரு வருடக் கணினிப் படிப்பு அறிவித்தது. இரண்டு விடயங்கள் கேட்டார்கள். சொந்தமாக எழுதிய ஒரு நிரல். இங்கே வசிக்கும் ஒருவர் அந்த வேலையைப் பார்த்து, விண்ணப்பிப்பவருக்குப் பொறுப்பேற்றுக் கையெழுத்திடும் கடிதம். நான் மலருக்குத் தொலைபேசியில் சொன்னேன். சண்டை திரும்பவும் தொடங்கப்போகிறது என்று அங்கே எல்லாருக்கும் தெரிந்திருந்த நேரம்.

"கடிதம் நீங்கள் தருவியளோ அத்தான்?"

"நான் தராமல்? ஆனா மலர், நான் கையெழுத்து வைக்கிறதெண்டால் வேலை சுத்தமா இருக்கோணும். என்ர பேர் அதில கிடக்கும்."

"ஓம், ஓம். விளங்குது" என்றாள்.

4

அவள் எழுத எடுத்தது வாய்க்கால் தண்ணீருக்கு ஒரு நிரல். மழையில்லாத சிறுபோகத்தில் குளத்துத் தண்ணீர் முறைவைத்துத்தான் வயலுக்கு வரும். இன்ன நாள், இன்ன நேரம், இன்னாருக்கு. ஆனால் செத்தவீடு வரும், காய்ச்சல் வரும். வைகாசியில் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு வாய்க்காலில் பாதிப்பேர் போய்விடுவார்கள். அப்போது தன் முறையைப் பக்கத்து வயற்காரனுக்குக் கொடுத்துவிட்டு, பிறகு அவனுடைய முறையை வாங்கிக்கொள்வார்கள். அவனும் சும்மா இருக்கமாட்டான். வாங்கிய முறையைத் தன் மருமகனுக்குக் கைமாற்றுவான். எல்லாம் வாய்ப்பேச்சு. ஒரு வருடம் மூன்று கை மாறிய முறை ஒன்றில் சண்டை வந்து, மாமா மண்வெட்டிப் பிடியால் அடிபட்டுத் தையல் போட்டவர்.

இதை மலர் எப்படி எழுதினாள் என்பதைக் கணினி தெரியாதவர்களுக்கும் சொல்லிவிடலாம். 'முறை' என்று ஒன்றை வகுத்தாள். ஒரு முறை என்றால் அது என்னென்ன செய்யவேண்டும் என்ற உறுதிமொழி அது. நிரல்காரர் அதை இன்ரர்ஃபேஸ் என்பார்கள். எதனுடைய முறை என்பதை அங்கே சொல்லாமல் ஓர் இடத்தை வெறுமையாக விட்டாள். பிறகு எதைக்கொண்டும் அதை நிரப்பலாம். அப்படி விடுவதற்கு ஜெனரிக் என்று பெயர். அடுத்து, 'முறை'யின் வழிவந்த பிள்ளையாக 'மாற்றுமுறை' என்று ஒன்று வைத்தாள். அது தாயின் உறுதிமொழிகள் எல்லாவற்றையும் வாங்கிக்கொள்ளும். தாயில் வெறுமையாக இருந்த இடத்தில் அவள் போட்டது அதே மாற்றுமுறையை. கைமாறிய முறையைத் திரும்பவும் கைமாற்றலாம் அல்லவா. எங்கள் வாய்க்காலில் நடப்பதை அவள் அப்படியே எழுதியிருந்தாள்.

நாம் எழுதுவதைக் கணினிக்கு விளங்கும்படி மாற்றித் தருவது கொம்பைலர் என்ற இன்னொரு நிரல். அவளிடம் இருந்தது இலவசமாகக் கிடைக்கும் ஒன்று. அது மலர் எழுதியதை வாசித்து, பிள்ளையைப் பார்த்துத் தாயிடம் போய், தாயைப் பார்த்துப் பிள்ளையிடம் வந்து, சுற்றிச் சுற்றி மூச்சுமுட்டி விழுந்துவிட்டது. மாசி மாதம், ஒரு சனிக்கிழமை மத்தியானம், மலர் தொலைபேசி எடுத்தாள்.

"அத்தான், என்ர நிரலில பிழை எண்டு இது சொல்லேல்லை. பிழை எண்டால் எத்தினையாவது வரி எண்டு காட்டும். இது தானே விழுந்து போச்சுது. கடைசியில, எங்கட பக்கத்தில உள்ளுக்கு ஏதோ பிழை நடந்திட்டுது, தயவுசெய்து அறிவியுங்கோ எண்டு இங்கிலிசில எழுதிக் கிடக்கு."

"அது சும்மா மரியாதைக்கு எழுதி வைக்கிறது. உலகமெல்லாம் பாவிக்கிற சாமான் மலர். பிழை உம்மிலதான் இருக்கும்."

"இருக்கலாம். ஆனா நான் வெட்டி வெட்டிச் சின்னனாக்கிப் பாத்தனான். இப்ப பன்னிரண்டு வரிதான் மிச்சம். அதுக்கும் விழுகுது. அந்தப் பன்னிரண்டையும் அவையளுக்கு அனுப்பிப் பாக்கட்டோ?"

"கிளிநொச்சியில இருந்து ஒரு ரீச்சர் கொம்பைலர் பிழை எண்டு எழுதினால் சிரிப்பினம். கல்லூரிக்காரர் தேடிப் பாத்தாலும் உம்மட பேர் அதில கிடக்கும். உந்த மாற்றுமுறையை எடுத்துப்போட்டு வேற மாதிரி எழுதும்."

"சரி அத்தான்" என்றாள். பன்னிரண்டு வரிகளையும் எனக்கு மின்னஞ்சலில் அனுப்பியிருந்தாள். நான் அதை ஓட்டிக்கூடப் பார்க்கவில்லை.

இதை இப்போது நிவேதாவுக்குச் சொன்னபோது, "ஒரு மெயில்தானே அப்பா?" என்று கேட்டாள். ஆம், ஒரு மெயில்தான்.

5

முறை மாற்றுவதை எடுத்துவிட்டால் அந்த நிரலில் என்ன இருக்கிறது? வெறும் நாட்காட்டி. விவசாயிகளின் கமக்காரர் சங்கத்தில் காட்டியபோது, மாத்த ஏலாத முறையை வைத்து நாங்கள் என்ன செய்யிறது ரீச்சர் என்று கேட்டார்களாம். ஆகவே அவள் வேறு வழியில், ஒவ்வொரு வகைக் கைமாற்றத்துக்கும் தனித்தனியாக, நாற்பது துண்டுகளாக எழுதினாள். ஜெனரேற்றர் ஓடும் நேரத்தில் எழுதினாள். மின்னஞ்சல் போகாத நாட்களில் வவுனியாவுக்குப் போகும் யாரிடமாவது சீடி கொடுத்து, அங்கிருந்து எனக்கு அனுப்புவித்தாள். நான் திருத்தம் சொன்னேன். பெயர்களைச் சுருக்கும், குறிப்புகளைக் கூட்டும் என்று. என் பெயர் அதில் கிடக்குமே.

கடைசித் திகதி பங்குனி முடிவு. அவள் எழுதி முடித்தது வைகாசியில். கல்லூரி மிக மரியாதையாகப் பதில் எழுதியது. வேலை நன்றாக இருக்கிறது, தைமாதச் சேர்க்கைக்கு இடம் தருகிறோம், ஐப்பசியில் கொழும்புத் தூதரகத்துக்கு வரட்டும் என்று. பங்குனியில் அனுப்பியிருந்தால் ஆடி தொடங்கும்போதே அவள் கொழும்பில் இருந்திருப்பாள்.

ஓகஸ்ட் மாதம் சண்டை தொடங்கி, கிளிநொச்சியிலிருந்து வெளியே வரும் பாதை மூடுண்டது. பிறகு கொஞ்சம் திறந்தார்கள், திரும்ப மூடினார்கள். வெளியே வர இரண்டு பக்கத்தின் அனுமதியும் வேண்டும். ஒரு பக்கம் தரும்போது மறுபக்கம் தராது. ஐப்பசி போனது. தை போனது.

"பரவாயில்லை அத்தான். பாப்பம்" என்றாள் மலர்.

6

2007இல் ஒரு நாள் என் வேலைத்தலத்தில், புயல்நாளில் ஒரு படகின் பயணத்தை இன்னொரு படகுக்கு மாற்றுவதற்கு ஒரு நிரல் எழுதினேன். மாற்றிய பயணத்தையும் மாற்றவேண்டியிருந்தது. மலர் செய்ததையே நானும் செய்தேன், செய்கிறேன் என்ற நினைவே இல்லாமல். நாங்களும் பாவித்த அதே இலவசக் கொம்பைலர் விழுந்தது. அவள் தொலைபேசியில் சொன்ன அதே செய்தி.

நான் வழக்கம்போல என் வரிகளில் பிழை தேடத் தொடங்கினேன். பக்கத்து மேசையில் இருக்கும் இங்குன், இருபத்தாறு வயது, என் திரையை எட்டிப் பார்த்தாள். "கொம்பைலர் செத்துவிட்டதே, அவர்களுக்குச் சொல்லிவிட்டாயா?" என்றாள். நான் இல்லை என்றதும், ஒரு கையில் கோப்பியை வைத்துக்கொண்டு மறு கையால் பத்து நிமிடத்தில் எழுதி அனுப்பினாள். மூன்றாம் நாள் பதில் வந்தது. உங்கள் நிரல் சரி, பிழை எங்களுடையது, ஜெனரிக்கும் இன்ரர்ஃபேஸின் வழிவந்த பிள்ளையும் இப்படிச் சேரும் என்று நாங்கள் யோசிக்கவில்லை, திருத்திவிட்டோம், நன்றி. இங்குன் அதை வாசித்துவிட்டுச் சாப்பிடப் போனாள்.

நான் என் பழைய மின்னஞ்சல்களில் தேடி மலரின் பன்னிரண்டு வரிகளை எடுத்தேன். பழைய கொம்பைலரில் போட்டேன். விழுந்தது. திருத்திய கொம்பைலரில் போட்டேன். ஒரு முறைப்பாடும் இல்லாமல் ஓடி முடிந்தது.

அந்த நாட்களில் கிளிநொச்சிக்குத் தொலைபேசி கிடைக்கும். மாதத்தில் ஒரு தடவையாவது பேசினோம். மாமாவின் மருந்து, பிளேன் சத்தம், சாமான் விலை என்று பேசினோம். இதை மட்டும் நான் சொல்லவில்லை. வெட்கம். மூத்தவன், படித்தவன், பொறுப்பேற்றவன். அடுத்தமுறை சொல்லலாம் என்று ஒவ்வொருமுறையும் வைத்தேன். 2008இல் கிளிநொச்சி சனம் முழுக்க இடம்பெயர்ந்தது. அதற்குப் பிறகு அவளுடைய எண் அடிக்கவேயில்லை.

2009இன் முதல் ஐந்து மாதங்களைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. இங்கே போரை நிறுத்தச் சொல்லிப் பனியில் ஊர்வலம் போனோம். நிவேதா நோர்வேஜிய மொழியில் கத்தினாள். தொண்டை அடைத்து இரண்டு நாள் பள்ளிக்கூடம் போகவில்லை. நான் பக்கத்தில் பதாகையைப் பிடித்துக்கொண்டு, ஒதுங்கி வழிவிட்ட பொலிஸ்காரரிடம் மன்னிக்கவும் என்று சொன்னேன்.

7

மலர் உயிரோடு இருக்கிறாள் என்பது ஆவணியில் தெரிந்தது. வவுனியாவில், முட்கம்பிக்குள், ஒரு முகாமில். மாமாவும் மாமியும் வரவில்லை. படிப்புச் சான்றிதழ்கள், அடையாள அட்டை எல்லாம் சண்டைக்குள்ளிருந்து தப்பித் தண்ணீரைக் கடக்கும்போது போய்விட்டன.

நான் குடிவரவு அலுவலகத்துக்கு எழுதினேன். மாமாவின் மகள் நெருங்கிய உறவு அல்ல என்று பதில் வந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக எதிர்த்து எழுதினேன். அதே பதில் இன்னும் மரியாதையாக வந்தது. கல்லூரிக்கு எழுதினேன். பொறுப்புக் கடிதத்தைப் புதிதாகத் தந்தால் இடத்தை வைத்திருக்கிறோம், ஆனால் அவர் நேரில் தூதரகத்துக்கு வரவேண்டும், சான்றிதழ்கள் வேண்டும் என்றார்கள். இதை மலருக்கும் எழுதி அறிவித்தேன். முகாம் வாசலைத் தாண்ட அவளுக்கு அனுமதியில்லை. என் கடிதத்தைக் கண்டு அந்த வாசல் திறக்கப்போவதில்லை என்பது எனக்குத் தெரியும்.

நிவேதாவின் புள்ளி கூடிய அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை மலர் தொலைபேசி எடுத்தாள். முகாமுக்குள் யாரோ ஒருவரின் கைத்தொலைபேசி. பின்னால் நிறையப் பெண்களின் குரல் கேட்டது. ஐந்து நிமிடம்தான் என்றாள். குரல் அதே குரல். பிள்ளை எப்படி, என்ன படிக்கிறாள் என்று கேட்டாள். நான் இடைமறித்தேன்.

"மலர், உமக்கு ஒண்டு சொல்லோணும். அந்தக் கொம்பைலர். பிழை அதிலதான். உம்மட பன்னிரண்டு வரியும் சரி. எனக்கு ரெண்டு வருசத்துக்கு முன்னமே தெரியும். நான் சொல்லேல்லை."

"எனக்கு அப்பவே தெரியும் அத்தான்."

"என்ன தெரியும்?"

"நான் எழுதினது சரி எண்டு. பன்னிரண்டு வரியில பிழை எங்க ஒளிச்சு நிக்கிறது? ஒரு கிழமை பேப்பரிலயும் எழுதிப் பாத்தனான்."

"அப்ப ஏன் எல்லாத்தையும் மாத்தி எழுதினனீர்?"

"கடிதத்தில கையெழுத்து வைக்கிறது நீங்கள்தானே. உங்களோட எதிர்த்துக் கதைச்சுப்போட்டு நான் வேற ஆரிட்டப் போறது?"

இரண்டு வருடமாக, அவளை அவளிலேயே சந்தேகப்பட வைத்துவிட்டேன் என்று நினைத்து வருந்திக்கொண்டிருந்தேன். அவள் ஒரு நாளும் தன்னைச் சந்தேகப்படவில்லை. அவளுக்கு நான் ஓர் அலுவலகம். வரைபடத்தைப் பார்த்து மீனவர் என்று எழுதிய மனிதருக்கு முன்னால் நான் எப்படித் தலையாட்டினேனோ, அப்படித்தான் அவளும் எனக்கு ஓம் சொல்லியிருக்கிறாள்.

"என்னில கோவமோ மலர்?"

"சீச்சீ, என்ன கோவம். அதெல்லாம் எப்பவோ மறந்திட்டன்" என்றாள். பின்னால் யாரோ அவளை அவசரப்படுத்தினார்கள். "கல்லூரி கேட்ட பொறுப்புக் கடிதம் எப்ப அத்தான் அனுப்புவியள்?"

நாளைக்கே அனுப்புகிறேன் என்றேன். அனுப்பியும் விட்டேன். அவளுக்கு உண்மையிலேயே கோபம் இல்லையா, அல்லது அந்தக் கடிதம் கைக்கு வரும்வரை என்னோடு கோபிக்க அவளுக்கு வசதியில்லையா என்று எனக்குத் தெரியவில்லை. கையெழுத்து வைக்கிறவன் கேட்டால் அவள் அதைச் சொல்லவும் மாட்டாள்.